நல்லசிவத்தின் இரண்டு பெட்டிகள்

“நான் கூப்பிட்டா எல்லாருக்கும் போகுதுங்க சாமி. என்னை ஒருத்தரும் கூப்பிட முடியறதில்லை. ஏனுங்க?”

கேட்டவர் நல்லசிவம். சாமி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“ரொம்பப் பெரிய கேள்வியா இருக்குதுங்களேண்ணா.”

“பெரிய கேள்வியெல்லாம் இல்லீங்க சாமி. ஆபீஸ் ரூம் போனைச் சொல்றேன்.”

“ஓ” என்று சாமி அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

எங்கள் மடம் சென்னிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் குருவான சாமி இங்கே வருமுன் ஈரோட்டில் ஜவுளிக்கடையில் புடவை விரித்துப் போட்டவர். நல்லசிவம் அவரைவிட நன்றாகவே மூத்தவர், ஆனாலும் சீடர்.

அலுவலகம், வாசல், தொலைபேசி எல்லாம் நல்லசிவத்தின் கையில். சாமியைப் பார்க்க யார் வந்தாலும் ‘யாரு, எந்த ஊரு, என்ன விசயம்’ என்று விசாரிப்பார். பாதிப் பேருக்கு அவரே பதில் சொல்லி அனுப்பிவிடுவார். கெட்ட மனிதர் இல்லை. கொஞ்சம் அதிகப்படியாக நல்லவர். எங்களுக்கு அதுதான் தொந்தரவு.

மடத்தில் செல்போன் கூடாது. இருப்பது ஒரே போன், அதுவும் இணையம் வழியாக வேலை செய்வது.

போன மாதம் கேபிள் கம்பெனிக்காரர்கள் வியாபார இணைப்பு என்று ஒன்றைக் கொடுத்து, கறுப்பாக ஒரு மோடத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். எங்களிடம் சொந்தமாக ஒரு வெள்ளை ரவுட்டர் ஏற்கெனவே இருந்தது. மௌன நேரத்தில் இணையத்தை நிறுத்துவது, போனை மட்டும் விட்டுவைப்பது எல்லாவற்றையும் நல்லசிவம் அதில்தான் பார்த்துப் பார்த்து அமைத்திருந்தார். அதைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை. கறுப்புப் பெட்டிக்குப் பின்னால் வெள்ளைப் பெட்டியைச் சொருகினார்.

இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்தால் போதுமா?

“அவசரமுங்களாண்ணா?” என்றார் சாமி.

நல்லசிவம் தன் மனைவியைப் பார்த்தார். மயிலாத்தாள் சாமிக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அவசரம்தான். அவர்கள் மகன் பிரகாசம் மஸ்கட்டில் இருக்கிறான். ஒரு வருடமாகப் பேச்சில்லை. அவனுடைய புது எண்கூட இவர்களிடம் இல்லை. இந்த நிலையில் ஊருக்கு வந்த அவன் சிநேகிதன் ஒருவன், ‘ஞாயித்துக்கிழமை மடத்து நம்பருக்குக் கூப்பிடறேன்னு சொல்லச் சொன்னான்’ என்று சொல்லிவிட்டுப் போனான்.

மயிலாத்தாள் அந்த ஞாயிறு முழுவதும் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தார். மணி அடிக்கவே இல்லை.

மறுநாள் காய்கறிக்காரர் வந்து, நேற்றெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன், ஏன் எடுக்கவில்லை என்று சத்தம் போட்ட பிறகுதான் சங்கதி புரிந்தது. அடுத்த ஞாயிறும் எடுக்காவிட்டால், வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று பையன் முடிவு கட்டிவிடுவான். அப்புறம் அவன் கூப்பிடப்போவதில்லை.

“கம்பெனியில கேட்டீங்களா?”

“கேட்டனுங்க. அவங்க பெட்டி நல்லா இருக்குதாம்.”

“ரவுட்டர் வாங்கின கடையில?”

“அதுவும் நல்லா இருக்குதாம்.”

“ரெண்டும் நல்லா இருக்குதா?”

“அதுதானுங்க சாமி எனக்குப் புரிய மாட்டேங்குது. ரெண்டுல ஒண்ணாவது கெட்டிருந்தா நான் நிம்மதியா இருப்பேன்.”

சாமி யோசித்தார். பிறகு மயிலாத்தாள் பக்கம் திரும்பினார்.

“அக்கா, கண்ணு எரியுதுங்களா?”

“அவளுக்கு இதெல்லாம் பழக்கமுங்க” என்றார் நல்லசிவம்.

“அக்கா, கொஞ்சம் மோர் குடிக்கறீங்களா?”

“மோர் ஆகாதுங்க. சளி புடிச்சுக்கும் அவளுக்கு.”

“பையன் கூப்பிட்டா மொதல்ல என்னங்கக்கா கேப்பீங்க?”

“சாப்பிட்டியான்னு கேப்பா. வேற என்னங்க தெரியும் அவளுக்கு.”

மயிலாத்தாள் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தார், ஒவ்வொரு தடவையும் மூடிக்கொண்டார்.

“அக்கா இன்னிக்குப் பேசவே மாட்டேங்கறாங்க” என்றார் சாமி.

“அவ எப்பவுமே அப்படித்தானுங்க.”

சாமி வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான்.

நல்லசிவம் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார். என்னிடம் வந்து நின்றார். “போனைப் பத்திக் கேட்டா சாமி மோரைப் பத்திப் பேசறாரு. உங்களுக்கு எதாச்சும் புரியுதா?”

எனக்கும் புரியவில்லை. புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். மடத்தில் அது ஒரு பழக்கம்.

பிறகு அவர் கம்பெனிக்கு மறுபடி போன் போட்டார். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கள் ஆள் உங்களைத் திரும்பக் கூப்பிடுவார் என்றாள். நல்லசிவமும் சரியென்று வைத்துவிட்டு, போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை.

யாராலும் கூப்பிட முடியாத போனில் யார் கூப்பிடப்போகிறார்கள்? இது அவருக்கு உறைக்க மாலை ஆகிவிட்டது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டு, விவரம் தெரிந்த ஆள் பேசும்வரை விடாமல் பிடித்துக்கொண்டார். பேசி முடித்து நேராகச் சமையலறைக்குப் போனார். சாமியும் மயிலாத்தாளும் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

“அந்தக் கறுப்புப் பெட்டி வெறும் மோடம் இல்லியாமுங்க. அதுக்குள்ளயும் ஒரு ரவுட்டர் இருக்குதாம். நம்ம வெள்ளைப் பெட்டி செய்யற வேலையையே அதுவும் செய்யுதாம்.”

“ஒரே வாசலுக்கு ரெண்டு காவல்.”

“ஆமாங்க. நாம வெளிய பேசறப்ப தொந்தரவில்லை. ரெண்டும் வழி விட்டுருது. வெளிய இருந்து யாராச்சும் கூப்பிட்டாத்தான் சிக்கல். அது கறுப்புப் பெட்டி வரைக்கும் வருது. உள்ள யாருக்குன்னு அதுக்குத் தெரியலை. வெள்ளைப் பெட்டிகிட்ட அனுப்பணும்னும் தோணலை. அங்கியே நிறுத்திப் போடுது.”

கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டே மயிலாத்தாள் சொன்னார்:

“போன வருசம் பையன் கூப்பிட்டதும் காவல் வரைக்கும்தானுங்க சாமி வந்துது.”

அவர் முழுதாக ஒரு வாக்கியம் பேசி அன்றுதான் கேட்டேன்.

நல்லசிவம் மனைவியைப் பார்த்தார். மயிலாத்தாள் கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் நடந்தது எனக்குத் தெரியும். நான் அலுவலகத்தில்தான் இருந்தேன். பிரகாசம் கூப்பிட்டு, அம்மாவிடம் கொடுங்கள் என்றான். ‘என்ன விசயம்னு எங்கிட்டச் சொல்லு, அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்’ என்றார் நல்லசிவம். அவன் மறுபடி கேட்டான். இவர் மறுபடி அதையே சொன்னார். மனைவிக்கு மனசு தாங்காது என்று நிஜமாகவே அவருக்கு எண்ணம். அவன் வைத்துவிட்டான். அன்று மயிலாத்தாள் சுவருக்கு அந்தப் பக்கம் இலை தைத்துக்கொண்டிருந்தார்.

நல்லசிவம் கீழே கிடந்த ஒரு கீரைத் தண்டைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். பிறகு பெட்டிப் பேச்சுக்கே திரும்பினார்.

“கறுப்புப் பெட்டியைச் சும்மா இருக்க வெச்சிரலாமுங்கறாங்க. வர்றதை அப்படியே அந்தப் பக்கம் விட்டுருமாம். கேள்வி கேக்காதாம், யாருக்குன்னு பாக்காதாம், நிறுத்தாதாம். நான் சரின்னு சொன்னா அங்க இருந்தே மாத்திருவாங்க.”

“சொல்லிட்டீங்களா?”

“இல்லீங்க.”

“ஏனுங்கண்ணா?”

“அதுக்கு இவ்வளவு வேலை தெரியுது. அதைப் போய் வெறுங்கம்பி மாதிரி உக்காருன்னு எப்படிங்க சொல்றது? பாவமா இருக்குதுங்க.”

இதைச் சொன்னபோது அவர் குரல் கம்மியது. சுவரில் மாட்டிய பெட்டிக்காக ஒரு மனிதருக்குக் குரல் கம்முவதை நான் கண்டதில்லை. சிரிப்பு வந்தது. சாமியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“அது நல்லதுக்குத்தானுங்க சாமி நிக்குது” என்றார் நல்லசிவம்.

“ஆமாங்கண்ணா” என்றார் சாமி. “நல்லதுக்குத்தான் நிக்குது.”

ஆய்ந்த கீரையை அலசுவதற்கு எழுந்து போய்விட்டார்.

நல்லசிவம் அன்றைக்குச் சாப்பிட வரவில்லை. அலுவலக அறையில் அந்தப் பெட்டிக்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு தடவை எட்டிப்பார்த்தேன். பிறகு அவர் போனை எடுத்துக் கம்பெனிக்காரரிடம் பேசுவது கேட்டது.

“சும்மாவே இருக்கட்டுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோருக்கும் அலுவலகப் பக்கம் ஏதோ ஒரு வேலை இருந்தது. நான் அங்கே உட்கார்ந்துதான் அரிசியில் கல் பொறுக்கினேன். மயிலாத்தாள் பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்கினார்.

மணி அடித்தது.

நல்லசிவம் எடுத்தார். “யாரு, எந்த…”

நிறுத்திக்கொண்டார்.

அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. “அம்மா இருக்காங்களா?”

அவர் வாயைத் திறந்தார். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் அந்த வாயில் வந்து நின்றது முகத்தில் தெரிந்தது. எங்கே இருக்கிறாய், என்ன வேலை, யாரோடு தங்கியிருக்கிறாய், அன்றைக்கு ஏன் அப்படி வைத்தாய்?

வாயை மூடினார். ரிசீவரை மனைவியிடம் நீட்டினார்.

மயிலாத்தாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். காதில் வைத்ததும், என்ன சொல்லட்டும் என்று வழக்கம்போலக் கணவரின் முகத்தைப் பார்த்தார். முகம் அங்கே இல்லை. நல்லசிவம் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். என்னையும் தோளைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிவந்து, கதவைச் சாத்தினார்.

சமையலறையில் சாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நல்லசிவம் போய் எதிரே உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார். அழுதார். வெங்காயத்தின் மேல் பழி போடவும் இல்லை.

“பையனுங்களா?” என்றார் சாமி.

“ஆமாங்க.”

“என்ன சொன்னானுங்க?”

“தெரியலீங்க சாமி.”

சாமி உரித்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டார்.

“அக்கா என்ன சொன்னாங்க?”

“தெரியலீங்க.”