ஈய வில்லைக்கு இரண்டு சாட்சி

மனிதரை மனிதர் விலைபேசி விற்ற காலத்து அமெரிக்கக் கரோலினா அது. அங்கே பிரஸ்பிடீரியன் கிறிஸ்தவ சபையில், சபையை நடத்தும் மூப்பர்கள் அனுமதிச் சீட்டாக ஈய வில்லை கொடுத்தால்தான், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் உட்காரலாம்.

அடிமைப் பெண் கெசியா கை நீட்டினாள். அவளுடைய எசமானும் மூப்பருமான மக்கல்லோ முறைத்தார்.

"புருஷனைப் பிரிஞ்சு வாழறது பாவம். சைலஸைக் கூட்டிட்டு வா, வில்லை தர்றேன்."

"எந்தப் பாவத்துக்கும் ரெண்டு சாட்சி வேணும்கிறதுதானே சபைச் சட்டம், எசமான்?"

"ஆமா."

"எங்களைப் பிரிச்சது யாருன்னு சொல்ல ரெண்டு பேர் இருக்காங்க. நீங்க அவரை வித்த பத்திரத்தில சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்க, உங்க ரெண்டு பக்கமும் உட்கார்ந்திருக்காங்க."

அந்த இரண்டு மூப்பர்களும் தலைகுனிந்தார்கள். போதகரே எழுந்து வந்து வில்லையைக் கொடுத்தார்.

ஞாயிறன்று கெசியா தன் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். அப்பத் தட்டு வந்தது. சைலஸ்தான் வரவில்லை.