எட்டாவது கிளை

அல்லிக்குளத்துக் கரையில் மஞ்சக்காலி என்றொரு ஆள்காட்டிக் குருவி வாழ்ந்தாள். பகல் முழுக்கக் கரைமேட்டில் நின்று நாலா பக்கமும் பார்ப்பதுதான் அவள் வேலை. ஏதாவது அசைந்தால் போதும். "டித்தீ! டித்தித்தீ!" என்று கத்திக்கொண்டு மேலே கிளம்பிவிடுவாள்.

அந்தச் சத்தம் கேட்டால் கரையில் மேய்கிற அத்தனையும் ஓடும். பத்துத் தடவையில் எட்டுத் தடவை ஒன்றும் இருக்காது. காய்ந்த ஓலை விழுந்திருக்கும். இல்லாவிட்டால் உடும்பு ஒன்று தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

"ஏ கத்தல்காரி! ஓலை விழுந்ததுக்கெல்லாம் ஊரைக் கூட்டுறியே, உனக்கு வேற வேலையே கிடையாதா?" என்று குரங்குகள் திட்டும்.

மருதி மட்டும் ஒரு நாளும் திட்டியதில்லை. மருதி ஒரு புள்ளிமான். குட்டியாக இருந்தபோது முள் குத்தி அவளுக்கு இடது கண் போய்விட்டது. அந்தப் பக்கம் புலியே வந்து நின்றாலும் அவளுக்குத் தெரியாது. அதனால் மஞ்சக்காலி இடது பக்கத்தில் வந்து நின்றால்தான் மேய்வதற்குத் தலையைக் குனிவாள்.

இந்தச் சிநேகம் சும்மா வந்ததல்ல. ஒரு கோடையில் காட்டெருமைக் கூட்டம் தண்ணீருக்கு இறங்கியது. மஞ்சக்காலியின் நாலு முட்டைகளும் வழியில், வெறும் தரையில் கிடந்தன. மருதி ஓடிவந்து முட்டைகளின் மேல் கால்களை அகட்டி நின்றுகொண்டாள். எருமைகள் இடித்தன. அவள் நகரவில்லை. அன்றிலிருந்து மருதியின் இடது பக்கம் மஞ்சக்காலிக்குச் சொந்தமாகிவிட்டது.

"என் இடது கண்ணு நீதான்டி. உன் சத்தம் என் காதுக்கு வர்றதுக்கு முன்னாடி காலுக்கு வந்துடுது," என்று மருதி சொல்வாள். அதைக் கேட்டால் மஞ்சக்காலிக்கு இரண்டு நாளைக்குப் பசிக்காது.

அப்போதுதான் ஒரு கிளி காட்டுக்கு வந்து சேர்ந்தது.

டவுனில் ஒரு இங்கிலீஷ் டியூஷன் வாத்தியார் வீட்டு வராந்தாவில் ஆறு வருஷம் கூண்டில் இருந்த கிளி அது. யாரோ கதவைச் சரியாகச் சாத்தாத ஒரு நாளில் தப்பித்துவிட்டது. ஆறு வருஷமும் அதன் காதில் விழுந்தது ஒரே பாடம்தான். பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச், அதாவது சொற்களின் வகை. ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் வருவார்கள். முதல் பாடம் அதுதான். மார்ச் மாதம் பார்த்தால் ஒருவருக்கும் வந்திருக்காது, திரும்பவும் அதே பாடம். பிள்ளைகளுக்குக் கடைசிவரை வரவில்லை. கிளிக்கு வந்துவிட்டது!

வந்த மறுநாளே அது குளக்கரை நாவல் மரத்தில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. தன்னை 'பச்சை சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

"இங்கிலீஷ்ல இருக்கிற சொல்லெல்லாம் எட்டே ஜாதி. இந்த மரத்துல எட்டுக் கிளை. கணக்குச் சரியா இருக்கு பாருங்க!" என்றது பச்சை சார்.

உச்சிக் கிளை நௌன். குளம், மீன், குரங்கு என்று எல்லாவற்றின் பெயரும் அங்கே. பெயரைச் சொல்லிச் சொல்லி அலுத்தால் அவன், இவன், அது என்கிறோமே, அந்த ப்ரொநௌனுக்குப் பக்கத்துக் கிளை. ஒரு இடத்தில் நிற்காத குரங்குகள், ஓடு, தாவு, பிடுங்கு என்று வெர்ப் கிளையைப் பிடித்துக்கொண்டன. அட்ஜெக்டிவ் என்றால் அழகான, நீளமான, பளபளப்பான என்று பெயருக்கு நகை பூட்டுவது என்று கேட்டதும் மயில் கேட்காமலே அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. வெர்புக்கு நகை பூட்டுகிற அட்வெர்ப் நத்தைக்குக் கிடைத்தது. அதற்குத் தெரிந்த 'மெதுவாக' ஒன்றே போதும் என்று சார் சொல்லிவிட்டது.

இடம் காட்டுகிற ப்ரெபோசிஷனில்தான் பெரிய சண்டை. "மரத்துக்கு மேல, புதருக்குப் பின்னால... நம்ம பேச்சுல இதெல்லாம் பேருக்குப் பின்னாடிதானே ஒட்டிக்கிட்டு வரும்?" என்று அணில் கேட்டது.

"இங்கிலீஷ்ல முன்னாடி நிக்கும்!"

"ஏன் சார்?"

"நிக்கும்னா நிக்கும்!"

கன்ஜங்ஷன் எறும்புகளுக்குப் போயிற்று. ஒன்றையும் ஒன்றையும் சேர்ப்பது அவற்றுக்குப் பழகிய வேலை.

மஞ்சக்காலி மரத்தடியில் நின்றாள். ஆள்காட்டியின் கால் தரைக்கான கால். அதற்குக் கிளையைப் பற்றி உட்கார வராது. அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சார், என்னோட சொல்லு எந்தக் கிளை சார்?"

"என்ன சொல்லு? சொல்லு பார்ப்போம்!"

"டித்தீ!"

குரங்குகள் சிரித்ததில் நாவல் பழம் உதிர்ந்தது. பச்சை சார் கழுத்தைச் சாய்த்து யோசித்தது. தண்ணீர்ப் பக்கமாகத் தாழ்ந்து பாதி பட்டுப்போன கடைசிக் கிளையைக் காட்டியது.

"அது எட்டாவது. இன்டர்ஜெக்‌ஷன். ஐயோ, ஆகா, அடடா மாதிரி."

"அதைப் பத்திச் சொல்லுங்க சார்!"

கிளிக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. டியூஷன் வாத்தியார் ஏழு முடித்து எட்டுக்கு வரும்போதெல்லாம் நேரமாகிவிடும். "இது பரீட்சைக்கு வராது, விட்டுடுங்க," என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவார். ஆறு வருஷமும் அப்படித்தான். கிளியும் அதையே சொன்னது.

"அது பரீட்சைக்கு வராது! விட்டுடு!"

மஞ்சக்காலிக்கு முகம் சுண்டிவிட்டது. பிறந்ததிலிருந்து அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல். அது பரீட்சைக்கே வராதாம்.

"அப்போ என்னை வகுப்புல சேர்த்துக்க மாட்டீங்களா சார்?"

"சேர்த்துக்கறேன். ஆனா இனிமே அந்தக் கத்தல் கூடாது. எதைச் சொன்னாலும் முழு வாக்கியமாச் சொல்லணும். நௌன் இருக்கணும், வெர்ப் இருக்கணும். மனசுக்குள்ள முழுசாக் கட்டி முடிச்சிட்டு அப்புறம் வாயைத் திற. அரைகுறையாப் பேசினா வெளியே போயிடு!"

"சரி சார்!" என்றாள் மஞ்சக்காலி. யோசிக்கக்கூட இல்லை. அத்தனை நாள் பட்ட கேலி அவளை அப்படிச் சொல்ல வைத்தது.

அன்று மேயும்போது மருதியிடம் பள்ளிக்கூடத்துக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். கிளியிடம் கொடுத்த வாக்கை மட்டும் சொல்லவில்லை. மருதி புல்லை மென்றுகொண்டே கேட்டாள். அவளுக்கும் சந்தோஷம்தான்.

"படிடி, நல்லாப் படி. ஆனா அந்தச் சத்தத்தை மட்டும் விட்டுடாத. குன்றுப் பக்கம் சிறுத்தை ஒண்ணு சுத்துதாம். இப்போ என் வயித்துல குட்டி வேற இருக்கு. முன்ன மாதிரி என்னால ஓட முடியலை."

"விடுவேனாக்கா?" என்றாள் மஞ்சக்காலி. சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

பத்து நாளில் அவள் நன்றாகத் தேறிவிட்டாள். "வெண்மையான கொக்கு மெதுவாக நடக்கிறது," என்று ஒரு நாள் சொன்னாள். பச்சை சார் இறக்கையைத் தட்டிப் பாராட்டியது. குரங்குகள்கூடச் சிரிக்கவில்லை. ஓலை விழுந்தது, அவள் கத்தவில்லை. உடும்பு போனது, அப்போதும் கத்தவில்லை. கரை அமைதியாக இருந்தது. எல்லாரும் அதை மெச்சினார்கள்.

பதினோராம் நாள், வெயில் தாழ்கிற நேரம். மரத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மருதி தண்ணீரோரம் குனிந்து மேய்ந்தாள். மஞ்சக்காலி வழக்கம்போல அவளுடைய இடது பக்கத்தில் நின்றாள். நாணல் புதருக்குள் ஒரு காது தெரிந்தது. பிறகு ஒரு கண் தெரிந்தது.

சிறுத்தை!

தொண்டை வரை 'டித்தீ' வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள். முழு வாக்கியம் வேண்டும். நௌன் கிடைத்துவிட்டது, சிறுத்தை. அட்ஜெக்டிவ்? பெரிய. பெரிய சிறுத்தை. எங்கே? புதருக்குப் பின்னால். இல்லை, புதருக்குள்ளே. வெர்ப் மட்டும்தான் பாக்கி. பதுங்குகிறது!

வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் சிறுத்தை பதுங்குவதை விட்டுவிட்டு ஊர்ந்துகொண்டிருந்தது. பதுங்குகிறது என்று சொன்னால் தப்பாகிவிடுமே! அவள் வெர்பை மாற்றினாள். 'ஊர்கிறது' என்று மனசுக்குள் கட்டி முடித்தபோது, அது ஓடிவந்துகொண்டிருந்தது. 'ஓடிவருகிறது' என்று மறுபடி மாற்றினாள். அது பாய்ந்துவிட்டது.

மரத்தின் மேலிருந்து "கீ! கீ! கீ!" என்று அலறிக்கொண்டு பச்சை சார் பறந்து போனது. நௌனும் இல்லை, வெர்பும் இல்லை. வெறும் கீ!

மருதி தலையைத் தூக்கவே இல்லை. எதற்குத் தூக்குவாள்? இடது பக்கம் சத்தமே இல்லையே. கடைசி நிமிஷத்தில் அந்தப் பக்கமாகக் கழுத்தைத் திருப்பினாள். வந்தது என்ன என்று பார்க்க அங்கே கண் இல்லை. மஞ்சக்காலியைத் தேடித்தான் திரும்பியிருப்பாள்.

"டித்தீ! டித்தித்தீ! டித்தீ!"

இப்போது வந்தது அந்தச் சத்தம். விழுங்கி வைத்திருந்ததெல்லாம் மொத்தமாக வந்தது. குளக்கரையே காலியானது. மான்கள் ஓடின, முயல்கள் ஓடின, குரங்குகள் உச்சிக்கு ஏறின. ஓட வேண்டியவள் மட்டும் ஓடவில்லை. சிறுத்தை அவளை இழுத்துக்கொண்டு நாணலுக்குள் போயிற்று. வயிற்றுக் குட்டியும் அவளோடு போயிற்று.

மஞ்சக்காலி அழுதாள். அன்றும் அழுதாள், மறுநாளும் அழுதாள். மருதி கடைசியாகக் கடித்த புல் பாதி நின்றது. அந்த இடத்தைவிட்டு அவள் நகரவில்லை.

மூன்றாம் நாள் பச்சை சார் திரும்பி வந்து உச்சிக் கிளையில் உட்கார்ந்தது. இறகைக் கோதிக்கொண்டு தொண்டையைச் சரிசெய்தது.

"நடந்தது நடந்துபோச்சு. பாடத்தை எங்கே விட்டோம்?"

மஞ்சக்காலி மரத்தடிக்கு வந்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"சார், சிறுத்தை வந்தப்போ நீங்க ஒண்ணு சொன்னீங்களே. அது எந்தக் கிளை சார்?"

பச்சை சார் குரங்குகளைப் பார்த்தது. அவையும் தலையைக் குனிந்துகொண்டன. கிளி கீழே இறங்கி வந்து, தண்ணீர்ப் பக்கம் தாழ்ந்திருந்த அந்தப் பட்டுப்போன கிளையில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அந்த மரத்தில் வகுப்பு நடக்கவில்லை.

இப்போதும் அல்லிக்குளத்தில் ஓலை விழுந்தால் மஞ்சக்காலி கத்துகிறாள். உடும்பு போனால் கத்துகிறாள். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் கத்துகிறாள். யாரும் அவளைக் கத்தல்காரி என்பதில்லை. மற்ற மான்கள் அவளை நம்பி நிம்மதியாக மேய்கின்றன. ஆனால் அவள் நிற்கிற இடம் மாறவில்லை. அந்தப் பாதிப் புல் நின்ற இடத்துக்கு இடது பக்கத்தில், மருதியின் கண் இருந்திருக்க வேண்டிய உயரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறாள். கத்தி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் "சொல்லிட்டேன்க்கா, ஓடு!" என்கிறாள். ஓட அங்கே யாரும் இல்லை.

சொல்லுக்கெல்லாம் பெயர் வைத்துப் படிப்பது நல்லதுதான். ஆனால் உயிரைக் காக்கிற நேரத்தில் வாய்க்கு வருகிற சொல்லைச் சரியா தப்பா என்று பார்த்து விழுங்கிவிட்டால், பிறகு எத்தனை சரியாகப் பேசினாலும் அதைக் கேட்க வேண்டியவர் இருக்கமாட்டார்.