சங்கவிக்கு நடத்திய பாடம்

"கல்வியைப் பத்தி உங்க கொள்கை என்னன்னு கேப்பாங்க, மேடம். நான் என்ன சொல்லட்டும்?"

கேட்டவர் தணிகாசலம். கரூரில் ஒரு தனியார் பள்ளியின் முதல்வர். கேட்டது ரெஜினாவிடம்.

ரெஜினா அவரைவிடச் சில வயதே மூத்தவர். தணிகாசலம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தப் பள்ளிக்கு அவர்தான் முதல்வர். ஒரு வகுப்பில் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் தணிகாசலம் அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்.

பிறகு ஒரு வருடம், படிப்பு வராத பிள்ளைகளை ஒன்பதாவதோடு கழித்துவிடச் சொன்னது நிர்வாகம். அப்போதுதான் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறையாமல் இருக்கும் என்றார்கள். ரெஜினா வேலையை விட்டுவிட்டார். அவருடைய நாற்காலிக்குத் தணிகாசலம் வந்தார்.

இப்போது ரெஜினா மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், பத்தாவதில் தோற்ற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்.

நிர்வாகம் தன் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஓர் இயக்குநரைத் தேடிக்கொண்டிருந்தது. தணிகாசலத்தை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். அவர் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு குழந்தையும் தனித்தன்மை கொண்டது. கற்பது மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். யாரையும் விட்டுவிடக் கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சொல்லிப் பார்க்கும்போது மட்டும் வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

ரெஜினா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கடைசியா நீங்க டி.சி. குடுத்து அனுப்பின பிள்ளை யாரு?"

"ஒரு பொண்ணு. ஒன்பதாவது."

"பேரு?"

தணிகாசலம் யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்றார் ரெஜினா.

*

வகுப்பாசிரியைக்குப் பெயர் தெரிந்திருந்தது. சங்கவி. வீடு பைபாஸைத் தாண்டி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் அங்கே போனார்.

சங்கவியின் அம்மா பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கி வந்து போட்டாள். பிரின்ஸ்பால் சார் நம்ம வீடு தேடி வந்திருக்கிறார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளிடம் கோபம் இருக்கும் என்று நினைத்துத்தான் தணிகாசலம் வந்திருந்தார். ஆனால் அவள் டீ போடப் போய்விட்டாள்.

மகள் இப்போது ஒரு பெட்ஷீட் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறாள் என்று உள்ளிருந்தே சொன்னாள். வேலை சுத்தமாக இருக்கிறது என்று சூப்பர்வைசர் பாராட்டினாராம். வேறு பள்ளிக்கூடத்தில் ஏன் சேர்க்கவில்லை என்று தணிகாசலம் கேட்டார்.

"நீங்க எம்புட்டுப் படிச்சவங்க. உங்க வாயாலயே சொல்லீட்டீங்க. அதுக்கு மேல இன்னொரு பக்கம் போய்க் கேக்கறதுல என்னங்க இருக்குது?" என்றாள் அம்மா.

சங்கவி சுவரோரமாக நின்றிருந்தாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"திரும்பப் படிக்க வர்றியாம்மா? நான் சேத்துக்கறேன்."

"வேண்டாங்க சார்."

"ஏன்?"

"எனக்கு மண்டையில ஏறாதுங்க சார்."

"அப்படி யாரு சொன்னது?"

சங்கவி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்ற சந்தேகம் அவள் முகத்தில் வந்து போனது.

"நீங்கதானுங்க சார்."

அப்போதுதான் தணிகாசலத்துக்கு நினைவு வந்தது. தன் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் இந்த அம்மாவும் இந்தப் பெண்ணும். படிப்பு எல்லோருக்கும் வராதும்மா, இவளுக்கு மண்டையில் ஏறாது, கைவேலை ஏதாவது பழக்கிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அதட்டிச் சொல்லவில்லை. கனிவாகத்தான் சொன்னார். அந்தப் பருவத்தில் டி.சி. வாங்க அவர் அறைக்கு வந்த எல்லாப் பெற்றோரிடமும் அதே கனிவோடு அதையேதான் சொன்னார்.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்து முடித்தார். டம்ளரைச் சங்கவி வாங்கிக்கொண்டாள்.

*

அன்று மாலையே தகரக் கொட்டகைக்குப் போனார். பெயரைச் சொன்னார். நடந்ததையும் சொன்னார்.

ரெஜினா முழுவதும் கேட்டார்.

"உங்க பள்ளிக்கூடத்துல எத்தனையோ பாடம் நடத்தியிருப்பாங்க. அந்தப் பொண்ணுக்கு எதுவும் நிக்கலை. நீங்க ஒண்ணே ஒண்ணு நடத்தினீங்க. அதைச் சுத்தமாக் கத்துக்கிட்டா."

தணிகாசலம் கிளம்ப எழுந்தார்.

"கொள்கை என்னன்னு கேட்டா இதைச் சொல்லுங்க" என்றார் ரெஜினா.

*

நேர்காணலில் தாளாளரும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். எதிர்பார்த்த கேள்வி வந்தது.

தணிகாசலம் தயாரித்த பதிலைச் சொல்லவில்லை. சங்கவியைப் பற்றிச் சொன்னார். அவளை எதற்காக வெளியே அனுப்பினார், அவளிடம் என்ன சொன்னார், இப்போது அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள், எல்லாவற்றையும் சொன்னார். அவளைப்போல இன்னும் பல பேர் இருக்கிறார்கள் என்றார். ஒருவர் பெயரும் தனக்குத் தெரியாது என்றார். சொல்லும்போது இரண்டு முறை குரல் உடைந்தது.

இதோடு தன் வேலை போய்விடும் என்று நினைத்தார். போகட்டும் என்றும் நினைத்தார். பல வருடங்களுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்படறீங்க, சார்" என்றார். "ஆனா ஒண்ணு பாருங்க. இத்தனை பேரை அனுப்பியிருக்கீங்க. ஒரு புகார் இல்லை. இந்தப் பொண்ணு வீட்டுக்கே போயிருக்கீங்க. அந்தம்மா உங்களை உக்கார வெச்சு டீ குடுத்து அனுப்பியிருக்காங்க. எங்களுக்கு வேண்டியது இப்படிப்பட்ட ஆள்தான்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து வந்து தோளில் தட்டினார். பணி நியமன ஆணை அங்கேயே தயாரானது.

*

ரெஜினாவிடம் வந்தபோது தணிகாசலத்துக்கு மூச்சு வாங்கியது. நேர்காணலில் நடந்ததைச் சொல்லி முடித்தார்.

கொட்டகைக்குள் பிள்ளைகள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். ரெஜினா வாசலிலேயே நின்றார். அவரை உள்ளே கூப்பிடவில்லை.

"நான் அவ்வளவு சொல்லியும் அவங்களுக்குப் புரியவே இல்லை, மேடம்."

"ஆர்டரை வாங்கிக்கிட்டீங்களா?"

தணிகாசலம் கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

"வாங்கிக்கிட்டேன்."

"அப்ப அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு" என்றார் ரெஜினா.