முதல் தண்ணீர்

வயிறார உண்டு வந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே காது கொடுங்கள். இது சோறு போன கதை.

முன்னொரு காலத்தில், ராஜா யாரென்றே சரியாகத் தெரியாத ஒரு மூலையில், ஒற்றைமடை என்று ஓர் ஊர் இருந்தது. ஓர் ஏரி, ஒரு மடை, ஒரு வாய்க்கால். ஏரிக்கரையை ஒட்டிய தலைமடையில் செவந்தப்பனும் அவன் தம்பிமாரும் பயிர் செய்தார்கள். நடுமடையில் மொக்கையனின் சனங்கள். வாய்க்கால் முடியும் கடைமடையில் வீராயியின் சனங்கள்.

காட்டை வெட்டித் திருத்திய நாளிலேயே ஊரார் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஏரி வற்றும் வருஷத்தில் முதல் தண்ணீர் கடைமடைக்கு. தலைமடைக்காரன் தன் பயிர் வாடுவதைப் பார்த்தபடியே தண்ணீரைப் போகவிடுவான். மனசு எரியும், ஆனாலும் விடுவான். மழை பெருத்துக் கரை கசிந்தால் மூன்று மடைக்காரர்களும் கூடை கூடையாக மண் சுமப்பார்கள்.

ஒரு வருஷம் மழை ஏய்த்துவிட்டது. செவந்தப்பன் கெட்டவன் இல்லை, கெட்டிக்காரன். அதுதான் வினையாயிற்று. அவன் ஊரைக் கூட்டினான். தண்ணீர் கடைமடை போய்ச் சேர்வதற்குள் பாதியை வாய்க்கால் மண்ணே குடித்துவிடுகிறது, பக்கத்து வயலுக்குப் பாய்ச்சினால் ஊருக்கே நெல் மிஞ்சும், விளைந்ததில் கடைமடைக்கும் பங்கு தரலாம் என்றான். மொக்கையன் முதல் ஆளாகத் தலையாட்டினான்.

வீராயி எழுந்தாள். "நீங்க சொல்றது நியாயமாத்தான் இருக்கு மாமா. ஆனா எங்க சோத்துக்கு நாங்க உங்க வாசல்ல வந்து நிக்கணுமா?"

ஆனாலும் ஊர் செவந்தப்பன் பக்கமே சாய்ந்தது.

முதல் வருஷம் பங்கு வந்தது. அடுத்த வருஷம் பதரோடு வந்தது. அதற்கடுத்த வருஷம் வரவேயில்லை. வீராயியின் சனங்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது கடைமடை யாருடையது? நடுவில் இருந்த மொக்கையனுடையது. மறுபடி ஏரி வற்றியது. செவந்தப்பன் அதே நியாயத்தைச் சொன்னான். தானே தலையாட்டிய நியாயத்தை மொக்கையன் எப்படி மறுப்பான்? அவனும் போனான். பிறகு தம்பிமார் முறை. தள்ளி இருந்த வயல் அவர்களுடையது. போகும்போது அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அதன்பின் ஒரு ஐப்பசியில் வானம் கொட்டித் தீர்த்தது. ஏரி தளும்பியது, கரை கசிந்தது. செவந்தப்பன் வாய்க்கால் நெடுக ஓடி, "கரை உடையுது, வாங்கப்பா, வாங்க" என்று கத்தினான். மூன்று மடையிலும் பூட்டக்கூட ஆளில்லாத வீடுகள். அவனும் அவன் மனைவியும் மண் சுமந்து பார்த்தார்கள். இரண்டு பேர் சுமந்தால் ஏரி நிற்குமா? கரை உடைந்தது. முதல் தண்ணீர் அவன் வயலுக்குத்தான் வந்தது. வயலும் போயிற்று, வீடும் போயிற்று, வெள்ளத்தோடு மனைவியும் போனாள்.

கேட்டவர்களே, கடைசியில் இருப்பவனைக் கைவிடும் ஊரில் அவனுக்கு முந்தையவனே அடுத்த கடைசி ஆகிறான்.