அல்வாவில் சீனி இல்லை

கோமதிநாயகத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆறு வருடத்தில் மூன்று குருமார்களைப் பார்த்தாகிவிட்டது. ஒருவரிடமும் மனம் ஒட்டவில்லை. நான்காவதாகப் பொருநை ஆற்றங்கரை நகரத்துக்கு வந்து, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான உலகம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். மூன்று மாதம்கூட முடியவில்லை. அதற்குள் அக்கரையில் ஒரு மகான் இருப்பதாகக் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“உச்சிவேளைத் தோணியில அக்கரைக்குப் போகலாம்னு இருக்கேன் அம்மா,” என்றார். “இங்க கேட்ட உபதேசமும் சப்புன்னுதான் இருக்கு. போகட்டுமா, இருக்கட்டுமா?”

“துறைக்குப் போற வழியிலதான சந்தை? பசிக்குது, வாங்க,” என்றாள் உலகம்மை.

அவர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சந்தை ஆற்றுப்படி வரைக்கும் இறங்கியிருந்தது. கோமதிநாயகம் ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளில்லை. ஆப்பத்தில் ஒரு வாய் பிய்த்ததும் கண் உளுந்தங்களிச் சட்டிக்குப் போனது. களியைக் கையில் வைத்துக்கொண்டே நுங்குக்காரனிடம் பேரம் பேசினார். அயிரைமீன் குழம்பு மணத்தது. நுங்கை விட்டுவிட்டு அங்கே ஓடினார். உலகம்மை ஒரே ஒரு ஆப்பம் வாங்கி, படியில் உட்கார்ந்து தின்று, கை கழுவிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

வழியில் ஒரு கீரைக்காரியின் கூடையிலிருந்து இரண்டு இலை வாங்கி அவரிடம் நீட்டினாள்.

“இத நல்லா மென்னு துப்புங்க.”

குரு கொடுத்தது. என்ன ஏது என்று கேட்காமல் மென்றார். கசந்தது.

அடுத்தது அல்வாக் கடை. உலகம்மை வாங்கிக் கொடுத்தாள். இலையில் நெய் வழிந்தது. கோமதிநாயகம் ஆசையாக ஒரு விள்ளல் வாயில் போட்டார். களிமண்.

“என்னவே இது? சீனியே போடாம கிண்டி வச்சிருக்கீரு?”

கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. “முப்பது வருஷமா கிண்டுதேன். ஒருத்தர் இப்படிச் சொன்னதில்ல.”

“நான் சொல்லுதேன். யாரும் வாங்காதீங்க.”

வாங்க நின்ற இரண்டு பேர் நகர்ந்துவிட்டார்கள். கடைக்காரர் வாணலியிலிருந்து தானே கொஞ்சம் எடுத்துத் தின்று பார்த்தார். பிறகு கோமதிநாயகத்தின் வாயைப் பார்த்தார்.

“நாக்க நீட்டும்.”

நீட்டினார். பச்சையாக இருந்தது.

“சிறுகுறிஞ்சான மென்னுட்டு வந்தா என் அல்வாவக் கொறை சொல்லுதீரு? அத மென்ன வாயில தேன் ஊத்துனாலும் தித்திக்காதுவே.”

கோமதிநாயகத்துக்கு வெட்கத்தில் காது சுட்டது. நகர்ந்துபோன இருவரையும் தானே ஓடிப் பிடித்து, “தப்பு என் வாயிலதான்யா” என்று சொல்லிக் கூட்டிவந்தார். கடைக்காரரைக் கும்பிட்டார். உலகம்மையும் கும்பிட்டாள்.

“தெரிஞ்சுதான குடுத்தீங்க?” என்றார் அவளிடம். கோபம் வந்திருந்தது.

“தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

துறையில் தோணிக்காரன் சங்கு ஊதினான். கோமதிநாயகம் தோணியைப் பார்த்தார். கையிலிருந்த அல்வாவைப் பார்த்தார். மறுபடி தோணியைப் பார்த்தார்.

“இந்த நாக்கு எப்ப சரியாகும்?”

“ஒரு நாழிகை ஆகும், ரெண்டு நாழிகையும் ஆகும். சும்மா இருந்தாலே ருசி திரும்பிரும்.”

“தோணி இப்பவே போகுதே. நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே அம்மா.”

உலகம்மை மிச்ச அல்வாவை இலையில் மடித்து, நார் சுற்றி, அவர் பையில் வைத்தாள்.

“எந்தக் கரைக்குப் போனாலும் இந்த நாக்கத்தான கொண்டு போவீங்க அண்ணாச்சி?”