இரட்டை முத்திரைத் துப்பாக்கி

“எந்தச் சுவத்துல மாட்டுறது, அம்மா?”

சடையப்பர் துணிச்சுற்றைப் பிரித்தார். உள்ளே ஒரு பழைய ராணுவத் துப்பாக்கி.

நாச்சியம்மை வயதில் அவரைவிட மிகவும் இளையவர். ஆனாலும் குன்றின் மேலிருந்த அந்தக் குடிலில் அவர்தான் குரு. சடையப்பர் சீடர்.

“சுவத்துக்கு என்ன வந்தது?”

“வடகரைப் படை தூக்கின துப்பாக்கியெல்லாம் என் காட்சிக்கூடத்துல ஒரு சுவத்துல இருக்கு. தென்கரையோடது எதிர்ச்சுவத்துல. இதுல ரெண்டு முத்திரையும் இருக்கே!”

காட்டினார். வடகரையின் கொக்கு. அதை ஒட்டியே தென்கரையின் ஏர். சண்டையில் பிடிபட்ட துப்பாக்கியில், பிடித்தவன் தன் முத்திரையையும் குத்துவது வழக்கம்.

“இந்த மாதிரி வேற எங்கயும் கிடையாது. நாடே வந்து பார்க்கும்.”

“அப்புறம் என்ன கவலை?”

“நாளைக்குத் திறப்பு. வடகரை சுபேதார் மாசிலாமணி, ‘எங்க சுவத்துல இல்லேன்னா வாசப்படி மிதிக்க மாட்டேன்’னுட்டார். தென்கரை ஹவில்தார் இருளப்பனும் அதையேதான் சொல்றார். சண்டை ஓய்ஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்னும் ரெண்டு கரைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இவங்களை ஒரு கூரைக்குக் கீழே நிறுத்தத்தான் அந்தக் கூடத்தையே கட்டினேன்.”

“செஞ்சது யாரு?”

“வடகரை.”

“கடைசியா வச்சிருந்தது?”

“தென்கரை.”

“ம்.”

நாச்சியம்மை துப்பாக்கியை வாங்கினார். திறந்தார். தோட்டா இல்லை. மூடினார். தோளில் பொருத்தி, சடையப்பரின் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

சடையப்பர் துள்ளி விலகினார்.

“அம்மா! காலியா இருந்தாலும் ஆளைப் பார்த்து நீட்டக் கூடாது. துப்பாக்கி சேர்க்கிற எங்களுக்கு அதுதான் முதல் பாடம்!”

“பாடம் இருக்கட்டும். நேரா வந்து நில்லுங்க.”

நின்றார்.

“அங்கேயிருந்து முத்திரையைப் பார்த்துச் சொல்லுங்க. கொக்கா, ஏரா?”

“தெரியலையே.”

“நல்லாப் பாருங்க.”

“குழல் ஓட்டைதான் தெரியுது.”

நாச்சியம்மை துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார். கீரை ஆயப் போய்விட்டார்.

சடையப்பர் துப்பாக்கியைத் துணியில் சுற்றினார். பிறகு வேகமாகக் குன்றிறங்கினார்.

மறுநாள் காலை கூடத்தின் முன் கூட்டம். வடகரை ஆட்கள் ஒருபுறம், தென்கரை ஆட்கள் மறுபுறம். எந்தச் சுவர் என்று தெரியாமல் உள்ளே போவதில்லை என்று சுபேதாரும் ஹவில்தாரும் முகப்பில் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

“திறய்யா, பார்ப்போம்,” என்றார் சுபேதார்.

சடையப்பர் இரண்டு கதவையும் தள்ளினார்.

துப்பாக்கி எந்தச் சுவரிலும் இல்லை. கூடத்தின் நடுவில், ஒரு தாங்கியின் மேல், நெஞ்சுயரத்தில், வாசலைப் பார்த்து இருந்தது.

இரண்டு கிழவர்களும் ஒரே நொடியில் பாய்ந்தார்கள். முகப்பிலிருந்த ஒரே தூணுக்குப் பின்னால். தூணோ ஒல்லி.

“எவன் துப்பாக்கிய்யா அது?” சுபேதாருக்கு மூச்சிரைத்தது.

இருளப்பன் அவர் தலையைப் பிடித்துக் கீழே அமுக்கினார்.

“எவனுதா இருந்தா என்னய்யா? குனி!”