இடது கை

"எல்லாப் புள்ளையும்தான சார் கை தூக்குச்சு? அப்புறமும் ஏன் மார்க் போட மாட்டேங்கீங்க?"

மரகதம் நேராகவே கேட்டுவிட்டாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. வீட்டில் பத்தாவது படிக்கிற மகன் இருக்கிறான். பி.எட். வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரியிலிருந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்க்க வந்த தாவீது சாருக்கே அவளைவிட வயது கம்மி.

அந்த நடுநிலைப் பள்ளியில் அன்றோடு அவளுக்குப் பயிற்சி முடிகிறது. சார் மார்க் போட்டால் தப்பித்தாள். போடாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து.

வகுப்பு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆறாம் வகுப்பு, பின்னக் கணக்கு. "அரை பெருசா, கால் பெருசா?" என்று கேட்டு அவள் வாயை மூடவில்லை, வகுப்பு முழுக்கக் கை. அவள் காட்டிய பிள்ளைகள் எல்லாம் டக் டக்கென்று சரியாகச் சொன்னார்கள்.

சார் கடைசி பெஞ்சில், இசக்கி என்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது சாப்பாட்டு மணி அடித்துப் பிள்ளைகள் தட்டோடு ஓடிவிட்டார்கள்.

"இசக்கிகிட்டயும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே," என்றார் சார்.

"அவ இடது கை சார்."

சொன்ன பிறகுதான் மரகதம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு பேட்சும் அடுத்த பேட்சுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிற வேலை. பதில் தெரிந்தால் வலது கையைத் தூக்க வேண்டும். தெரியாவிட்டால் இடது கை. தூக்காமல் மட்டும் இருக்கக் கூடாது. டீச்சர் வலது கையை மட்டும்தான் கேட்பார். பார்க்க வருகிறவருக்கு எல்லாம் கைதான்.

மரகதம் முதல் நாளே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். பின்னத்தைவிட இதைத்தான் அதிகம் பழக்கினாள்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"நானும் பி.எட். படிச்சவன்தான்."

"எல்லாரும் பண்றதுதான சார்? இந்த வயசுல இனிமே நான் என்னத்தக் கத்துக்கிட்டு, என்னத்த மாத்தி... ஒரு வேலை கெடைச்சாப் போதும்."

சார் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

குழாயடியில் இசக்கி தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மரகதம் வேகமாக இறங்கிப் போனாள்.

"இசக்கி, அரை பெருசா, கால் பெருசா?"

இசக்கி இடது கையைத் தூக்கினாள். ஈரக் கை. தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

"கைய எறக்கு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நான் சொல்லித் தாரேன்."

கை இறங்கவில்லை.

"இடது கை தூக்குனா கேக்க மாட்டேன்னு நீங்கதான டீச்சர் சொன்னீய?"

"அது அப்ப. இப்ப கேக்கேன்."

இசக்கி வகுப்பறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அந்த சார் இன்னும் போகலையா? நான் நல்லாத் தூக்குனேனா டீச்சர்? ஒரு நாள்கூட நான் கை மாத்தித் தூக்கல, தெரியுமா?"

மரகதம் குழாயை மூடினாள்.

"நல்லாத் தூக்குன," என்றாள்.

வேறு என்ன சொல்வது?

இசக்கிக்கு முகமெல்லாம் சிரிப்பு. தட்டை உதறிவிட்டு ஓடியே போனாள். மதியத்தோடு பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிறார்கள். லீவு முடிந்து அவள் வரும்போது மரகதம் இங்கே இருக்க மாட்டாள்.

திரும்பி வந்தபோது சார் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"மார்க் போட்டாச்சு. பாஸ்."

எவ்வளவு என்று மரகதம் கேட்கவில்லை. முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் உட்காருகிற பெஞ்ச், முழங்கால் இடித்தது.

"சார், அந்தப் புள்ளைக்கு இனிமே எப்படிச் சொல்லிக்கொடுக்கறது?"

தாவீது சார் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

பிறகு இடது கையைத் தூக்கினார்.

மரகதத்தின் கண் பழக்கத்தில் அந்தக் கையைத் தாண்டிப் போனது.

போய், திரும்பி வந்தது.